ஹால் முதல் கிச்சன் வரை

ஓப்பன் கிச்சன் வைக்க ஆசை. மனைவி வேண்டாம் என்கிறாரே?
(வாசகர், திருச்சி)

தினமும் மீன் வறுப்பது யார்? அவர் சொல்வதுதான் பிளான்.

சின்ன கிச்சனில் நிம்மதியாகச் சமைக்க முடியுமா?
(வாசகி, கும்பகோணம்)

1926-ல் பிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த கிச்சன் சுமார் 70 சதுர அடிதான். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே வீண்நடையைக் குறைத்தார், உலகமே காப்பியடித்தது. அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஒருவேளை அதனால்தான் சரியாக வந்ததோ!

பூஜை அறை, ஜிம், ஹோம் தியேட்டர் எல்லாம் பிளானில் வந்தாச்சு. வேறென்ன பாக்கி?
(வாசகர், கோவை)

துணி காயப்போட இடம்.

1,000 சதுர அடி பிளாட் என்றார்கள். உள்ளே போனால் சுருங்கிவிட்டதே?
(வாசகர், தாம்பரம்)

பிளாட் சுருங்கவில்லை சார், அளந்த டேப் படிக்கட்டு, லிஃப்ட் வரை நீண்டிருக்கும். 2016 ரெரா சட்டப்படி கேட்க வேண்டியது கார்பெட் ஏரியா. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர் அதில் சேரும்; வெளிச்சுவரும் பால்கனியும் சேராது.

மாடியில் இருக்கும் பெரிய ரூமை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
(வாசகர், மதுரை)

அம்மாவின் முழங்காலிடம் கேட்டீர்களா? கீழேயே, பாத்ரூமை ஒட்டிய அறையாகப் பார்த்துக் கொடுங்கள். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரின் உடம்பே அடைத்துக்கொள்ளும். ஆசாரியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.