பத்தா, இருபதா?

ஓட்டல் சப்ளையருக்கு எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்பதை அவர் கவனித்த விதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பார்கள். நான், என்னை யார் கவனிக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறவன். தனியாகப் போனால் பத்து ரூபாய். அலுவலக நண்பர்களோடு போனால் ஐம்பது. சம்பந்தி வீட்டாரோடு போனால் நூறு. அதுவும் அவர்கள் கண்ணில் படும்படி மடிக்காமல் வைத்த நூறு. மூன்று தடவையும் பரிமாறியவர் ஒரே ஆளாகக்கூட இருப்பார். தோசையும் அதே தோசைதான்.

மொய் எழுதுவதில் நமக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அவர்கள் நம் வீட்டுக்கு என்ன செய்தார்கள் என்று நோட்டைப் புரட்டினால் தொகை தெரிந்துவிடும். மேலே கொஞ்சம் கூட்டி, கடைசியில் ஒரு ரூபாய் சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. டிப்ஸுக்குப் புரட்டிப் பார்க்க நோட்டு இல்லை.

ரொக்கம் புழங்கிய காலத்தில் என் பாரத்தைச் சப்ளையர்களே சுமந்தார்கள். பில் 160 ரூபாய், நான் வைத்தது 200 என்றால், மீதி நாற்பதை விவரமான சப்ளையர் இரண்டு இருபதாகக் கொண்டுவர மாட்டார். ஒரு இருபது, ஒரு பத்து, இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள். இருபதை எடுத்துக்கொள்வோம், நாணயத்தைப் பொறுக்கக் கூச்சப்படுவோம், பத்தை எடுப்பதா விடுவதா என்று தடுமாறுவோம். எல்லாம் அவர் போட்டுவைத்த கணக்கு. அந்தக் கணக்கையும் நான் தோற்கடித்திருக்கிறேன். சோம்பு எடுக்கிற சாக்கில் நாணயத்தையும் அள்ளி, சோம்பை வாய்க்கும் நாணயத்தைச் சட்டைப் பைக்கும் அனுப்புவேன். ஒருமுறை இரண்டும் இடம் மாறிப் போனதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

தோல் அட்டைக்குள் பில் வைத்துத் தரும் ஓட்டல்கள் என்னைப் போன்றவர்களுக்கு வசதி. பத்து ரூபாயை உள்ளே வைத்து அட்டையை மூடிவிட்டு, அவர் திறப்பதற்குள் தெருவுக்கு வந்துவிடலாம். அப்படி ஒரு நாள் வந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். ஒரு கையில் திறந்த அட்டையும் மறுகையில் என் குடையுமாக அந்தச் சப்ளையரே நின்றிருந்தார். “மழை வரும்போல இருக்கு, பாத்துப் போங்க சார்” என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாகப் போயிருப்பேன்.

வாசலில் வண்டி எடுத்துக் கொடுக்கும் வாட்ச்மேனுக்கு மட்டும் தவறாமல் கொடுத்துவிடுவேன். சல்யூட் அடிக்கிறவரைத் தாண்டிப் போகும் துணிச்சல் எனக்குக் கிடையாது. உள்ளே நாலு தடவை சட்னி கொண்டுவந்தவர் சல்யூட் அடிக்கவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

கஞ்சத்தனத்தோடு அறியாமையும் சேர்ந்துகொண்டது. ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், ஏ.சி. ஹாலில் சாப்பிட்டால் பில்லில் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். சர்வீஸ் செய்தவருக்குத்தான் அது போகிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். “உங்களுதுதான் பில்லுலயே வந்துடுச்சே!” என்று ஒரு சப்ளையரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்திருக்கிறேன். அவரும் பாவம், சிரித்துவைத்தார். அந்த வரி முழுக்க அரசாங்கத்துக்குப் போனது. இன்று சாதாரண ஓட்டல் பில்லில் இருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டியும் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. சாம்பார் ஊற்றியவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் வேறு. அது வரியே அல்ல. ஓட்டல்காரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொள்வது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம்; மறுத்தால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம். இதையெல்லாம் படித்த சூட்டோடு குடும்பத்துடன் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனேன். 1,800 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 180 ரூபாய் சர்வீஸ் சார்ஜ். “இதை எடுத்துடுங்க” என்றேன், நாலு மேசைக்குக் கேட்கும்படி. மேனேஜர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். வாதாடத் தயாராகப் போன எனக்கு அதுவே ஏமாற்றம். புதுப் பில்லைக் கொண்டுவந்தவர், இரவு பதினோரு மணி வரை எங்களுக்குப் பரிமாறிய இளைஞர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் 200 ரூபாய் வைத்தேன். உரிமையை நிலைநாட்டியதில் இருபது ரூபாய் நஷ்டம். “அந்த நம்பர்ல உங்களப் பத்தித்தாங்க சொல்லணும்” என்றாள் மனைவி.

இப்போது ரொக்கமும் போய்விட்டது. மேசையிலேயே க்யூஆர் அட்டை நிற்கிறது. பில் 240 என்றால் சரியாக 240 போகும். “சில்லறை இல்லையேப்பா” என்று கையை விரிக்கும்போது பொய் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனாலும் ஒரு நாள் மனசு கேட்காமல் 240-க்கு 260 போட்டேன். பெருமிதத்தோடு கல்லாவைத் தாண்டும்போது காசாளர் கூப்பிட்டார். “சார், இருபது ரூபா கூடப் போட்டுட்டீங்க.” இருபது ரூபாய் நோட்டை நீட்டினார். அடுத்த மேசைக்குப் பில் வாங்க, அதே சப்ளையர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ‘அது அவருக்கு’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயில் வந்தது, “ரொம்ப தேங்க்ஸ் சார்.” நோட்டு என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. நேர்மையான காசாளர்கள் மீது எனக்கு அன்றிலிருந்து ஒரு வருத்தம் உண்டு.

வெளிநாடு போயும் மானத்தை வாங்கியாகிவிட்டது. நியூ ஜெர்சியில் மகளோடு சாப்பிடப் போனபோது, பணம் கட்டும் கருவியின் திரையில் 18, 20, 22 சதவீதம் என்று மூன்று பொத்தான்கள். “இந்த டிப்ஸ் காசுக்கு மயிலாப்பூர்ல குடும்பமே டிபன் சாப்பிடலாமே!” என்றேன் சத்தமாக. பரிமாறிய பெண் புன்னகையோடு, “பரவால்ல அங்கிள், உங்க இஷ்டம்” என்றார், சுத்தமான மதுரைத் தமிழில். வெளியே வந்ததும் மகள் பாடம் எடுத்தாள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று 1991-லிருந்து அந்நாட்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. 2009-லிருந்து பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் உள்ள பள்ளத்தை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால்தான் முதலாளி தன் பையில் கை வைப்பார். பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதல் உண்டு. ஆக, அங்கே நான் கணக்குப் பார்த்தது அந்தப் பெண்ணின் கூலியில்.

ஊர் திரும்பியதும் அந்தப் பாடத்தையே சாக்காக்கிக்கொண்டேன். ‘இங்கே அப்படிச் சட்டம் இல்லை, முழுச் சம்பளமும் முதலாளி பொறுப்பு, நான் எதற்கு?’ அதுவும் செல்லாதபோது ஜப்பானைத் துணைக்கு அழைத்தேன். அங்கே டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. மெஸ்ஸில் ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்க ஜப்பான் வரை போய்வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்து சதவீதம் என்று நிலையாக வைத்துக்கொள்ளச் சொன்னார் ஒரு நண்பர். போட்டுப் பார்த்தேன். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி என்று 100 ரூபாய்க்குச் சாப்பிடுகிறவனிடம் சப்ளையர் சாம்பாருக்கு மூன்று நடை, சட்னிக்கு இரண்டு நடை, தண்ணீருக்கு ஒன்று, காபிக்கு ஒன்று, சர்க்கரை கம்மி என்று திருப்பி அனுப்பினால் இன்னொன்று நடக்கிறார். கிடைப்பது 10 ரூபாய். ஏ.சி. அறையில் 2,000 ரூபாய்க்குச் சாப்பிடுகிறவனுக்கு அதில் பாதி நடைகூட இருக்காது; அங்கே 200. சதவீதம் அளப்பது முதலாளி போட்ட விலையை. சப்ளையரின் கால் வலிக்கு அதில் கணக்கே இல்லை.

கார்டு வழியாக வாங்கி நிர்வாகம் ஊழியருக்குக் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, அது வாடிக்கையாளர் விரும்பிக் கொடுப்பது, ஊழியர் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவர் கேட்க முடியாது என்கிற தைரியத்தில்தான் நான் இத்தனை நாள் சோம்பு மென்றிருக்கிறேன்.

நீங்கள் என்னைப் போல் இல்லாமல் இருக்க ஒரு யோசனை. தொகையை உட்காரும்போதே முடிவு செய்துவிடுங்கள்; பில் வந்த பிறகு யோசித்தால் புத்தி கெடும். இட்லி சாப்பிட்டாலும் இருபதுக்குக் குறைய வேண்டாம். சட்டைப் பையில் நாலைந்து இருபது ரூபாய் நோட்டுகளை இதற்கென்றே வைத்திருங்கள். மேசை துடைக்கிறவருக்கும் அதில் ஒன்று. எவ்வளவு கொடுத்தாலும் அவர் கையிலேயே கொடுங்கள். மேசை மேலே நிற்கும் க்யூஆர் அட்டையில் போடுவது முதலாளியின் கணக்குக்குத்தான் போகிறது.