உபயம்: நகராட்சி

மாட்சிமை பொருந்திய நகராட்சி ஆணையர் அவர்கள் சமுகத்துக்கு,

மேட்டுத்தெருவாசி பணிவுடன் எழுதிக்கொள்வது.

திங்கட்கிழமை மனுவோடு வந்தேன். கவுன்டரில் இருந்த அம்மையார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரியவரே, உங்க வேட்டி நாறுது, வெளிய நின்னு சொல்லுங்க" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. ஐயா, அந்த நாற்றம் என் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. எங்கள் வாசல் மேன்ஹோல் பதினேழு நாளாகப் பொங்குகிறது. அதில் இறங்கித்தான் தங்கள் தரிசனத்துக்கு வர வேண்டியிருந்தது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுவார்களே, அதுபோல வேட்டிக் கரையில் 'உபயம்: நகராட்சி' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். அம்மையார் எழுந்து நின்றிருப்பார்.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் உபயதாரர் பெயர்தான் தெரிகிறது. கொசு, உபயம் நகராட்சி. பேத்தி காலில் சேற்றுப்புண், உபயம் நகராட்சி. மூன்று வருஷத்துக்கு முன்பே டெபாசிட் கட்டியும் எங்கள் வீட்டுக்கு இன்னும் சாக்கடை இணைப்பு தரவில்லை. ஊராரின் சாக்கடை மட்டும் வாசல்வரை வருகிறது. அது சிறப்பு உபயம்.

ஏரிக்கரையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேவித்தேன். திறப்புவிழாக் கல்வெட்டு பளபளக்கிறது. தொட்டியில் ஒரு குமிழிகூட இல்லை. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு புளோயர் ஓட வேண்டும், புளோயருக்கு கரண்ட் பில் கட்ட வேண்டும். "ஆபீசர் வந்தா போடுவோம்" என்றார் வாட்ச்மேன். வெளியேறும் நீரில் பி.ஓ.டி. (அழுக்கை அளக்கும் கணக்கு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு 2017-ல் மத்திய அரசு வைத்த வரம்பு. தங்கள் பலகையில் 'இன்றைய அளவு: 28' என்றிருக்கிறது. பெயின்டில்! சாக்பீஸில் எழுதியிருந்தாலாவது கொஞ்சம் நம்பியிருப்பேன். பக்கத்திலேயே கறுப்பாக ஏரிக்குள் இறங்குவதும் அந்த 28-தான் போலும்.

புதன்கிழமை அடைப்பெடுக்க ஒப்பந்தக்காரர் ஒரு பையனை அனுப்பினார். கையில் மூங்கில் பிளாச்சு. கையுறைகூட இல்லை. சட்டையைக் கழற்றி எங்கள் திண்ணையில் மடித்து வைத்துவிட்டு மூடியை நகர்த்தினான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செத்த பிறகு யாருக்கய்யா வேண்டும் அந்தப் பணம்? ஷெட்டில் நிற்கிற ஜெட்டிங் வண்டி எதற்கு, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கவா? அவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அனுப்புவீர்களா?

மன்னிக்க வேண்டும். ரத்த அழுத்தம். உபயம் யாரென்று தங்களுக்கே தெரியும்.

மனுவை வெளியே நின்றே கொடுக்கச் சொன்னபடியால் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உபயத்தில் வாழும் வரிசெலுத்துநர்

இணைப்பு: (தாங்கள் தராததால் நானே தருவது) வேட்டி ஒன்று. துவைக்கவில்லை.