பூட்டை இழுத்துப் பார்ப்பவர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஊருக்குக் கிளம்பும்போது திண்டுக்கல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், "எதுக்கும் இன்னொரு தடவை" என்று திரும்பி வந்து அதில் தொங்கியும் பார்ப்பவர். எங்கள் தெருவில் அவர் மாடி வீட்டு சார். ஓய்வு பெற்ற கணக்கர். சந்தேகம் அவருக்குச் சர்க்கரை மாதிரி. முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிறது.

லேப்டாப் வாங்கிய அன்றே கேமரா துளை மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். மெரூன் நிறம். மூடியைத் திறந்தால் வெள்ளிக்கிழமைக் களை.

பொட்டுக்குக் கீழே நடப்பது வேறு கதை. பந்தியில் இரண்டு கையாலும் இலையை மறைத்து "போதும் போதும்" என்கிற மனிதர், எந்தத் தளம் குக்கீ நீட்டினாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி இந்தக் குக்கீயை உண்டாக்கியது, வந்தவர் யாரென்று தளம் மறக்காமலிருக்க. பிறகு விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சார் ஒருநாள் முட்டிவலித் தைலம் தேடினார். அன்று முதல் செய்தி படித்தாலும் ராசிபலன் பார்த்தாலும் முழங்கால் பட்டை பின்னாலேயே வருகிறது. "வீட்ல பேசறதை எவனோ ஒட்டுக் கேக்கறான் தம்பி" என்று மிக்ஸியைக்கூட முறைக்கிறார்.

அதற்கு அவர் கண்ட மருந்து இன்காக்னிட்டோ. தொப்பியும் கண்ணாடியும் வைத்த அந்த உருவம் திரையில் வந்ததும் குரல் தாழும், அறைக்கதவு சாத்தப்படும். "இப்ப நான் யாருன்னு பிரம்மாவுக்கே தெரியாது." அடுத்த நிமிஷம் சொந்தப் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்த மெயில் ஐடியைப் போட்டு உள்ளே நுழைவார். அந்த ஜன்னலை மூடினால் இந்தக் கணினியில் போன இடம் பதிவாகாது, அவ்வளவுதான். இணைப்புக் கொடுத்தவரும் போய்ச் சேர்ந்த தளமும் கண்ணை மூடிக்கொள்வதில்லை என்றேன். "அப்ப இந்தத் தொப்பிக்காரர் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

ராகுகாலம் காட்ட ஓர் எக்ஸ்டென்ஷன் வேறு. எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்டது; பேங்க் பக்கமும் அதில் அடக்கம். நல்ல நேரம் பார்த்துத்தான் கொடுத்தாராம்.

அவருடைய பெரிய மனக்குறை 2023-ல் வந்தது. குரோமில் முகவரிக்குப் பக்கத்திலிருந்த பூட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள். "பூட்டையே கழட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி!" அந்தப் பூட்டின் பொருள் வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டும், போய்ச் சேரும் வீடே திருடன் வீடா என்று அதற்குத் தெரியாது. கூகுள் நடத்திய ஆய்வில் 11 சதவீதம் பேர்தான் அதைச் சரியாகப் புரிந்திருந்தார்களாம். சார் மீதி 89-இல் முன்வரிசை.

போன வாரம் அர்த்தராத்திரியில் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸாம், உடனே அமுக்கச் சொல்றான்." போய்ப் பார்த்தேன். வைரஸ் இல்லை; நோட்டிபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்ட 23 தளங்களுக்கும் 'அலோ' கொடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு வந்தேன்.

காலையில் மாடிப்படியிலேயே மறித்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ராத்திரியிலேர்ந்து ஒருத்தனும் கூப்பிடலை. நெட் கட் ஆயிடுச்சா?"