மாட்டுங்காவில் படுக்கும் புல்லட்

கே: செம்பூரிலிருந்து கிளம்பும் என் 1972 புல்லட், மாட்டுங்கா வந்ததும் படுத்துவிடுகிறது. ஃபில்டர் காபி குடித்துவிட்டு வந்து உதைத்தால் எழுந்துவிடுகிறது! கார்புரேட்டரை மாற்றியும் பலனில்லையே?
– வாசகர், செம்பூர்

ப: திருவொற்றியூரில் பிறந்த வண்டிக்குக் காபி ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால், தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. சூடானால் மக்கர், ஆறினால் சாது என்றால் என் சந்தேகம் கண்டன்சர் மேல். பாயின்ட் முனையும் கருகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டையும் புதிதாகப் போட்டு, பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். அதற்கும் மசியவில்லையா, அடுத்த குற்றவாளி காயில். பழைய கார்புரேட்டரைத் தாராவியில் எடைக்குப் போட்டுவிட்டீர்களா? ஓடிப்போய் மீட்டு வாருங்கள், அது நிரபராதி!