நடுவில் ஒரு 500 எம்பி

டி டிரைவை அழித்து 200 ஜிபி காலி செய்தாயிற்று. ஆனாலும் மூச்சுமுட்டும் சி டிரைவுக்கு ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே கிடக்கிறது. காலியிடம் வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டுமாம். குறுக்கே 500 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன், வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே பங்காளி பிடித்துவைத்திருக்கும் அரை சென்ட் மாதிரி. ரைட் கிளிக் செய்தால் ‘ஹெல்ப்’ மட்டும் வரும், உதவிதான் வராது.

2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த பாதுகாப்பு அப்டேட், இதே ரெக்கவரி மூலையில் இடம் போதாமல் பலரிடம் ஏறவில்லை. “250 எம்பி நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்” என்று மைக்ரோசாஃப்ட் கட்டளைகளை நீட்டியது. ரிட்டயர்டு தாத்தாக்கள் கறுப்புத் திரையில் டைப் அடிப்பார்கள் என்ற நம்பிக்கை, பாவம்.

அதே கறுப்புத் திரையில், டிஸ்க்பார்ட் என்ற கருவியில் அழிக்கும் கட்டளையோடு ‘ஓவர்ரைடு’ போட்டால் பங்காளி ஒழிவார், சி விரியும். அடுத்த பெரிய அப்டேட்டில் விண்டோஸே சி-யின் வாலை நறுக்கி, புது ரெக்கவரியைக் குடிவைப்பதும் உண்டு.