சாயம் போன போர்வை

ஐப்பசியில் பிறக்கப்போவது பேரனோ பேத்தியோ தெரியாது. அதற்குப் பிடித்த நிறங்கள் மட்டும் ஆடியிலேயே என் கைப்பேசிக்கு வந்துவிட்டன. ஐந்து சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்: ஓட்ஸ், மஷ்ரூம், சேஜ், க்ளே, ஐவரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கழனித் தண்ணீரை ஐந்து டம்ளரில் ஊற்றி வரிசையாக வைத்த மாதிரி இருந்தது. கூடவே மகளின் குரல்பதிவு: "அம்மா, ரூம் முழுக்க இந்த டோன்தான். நீ தைக்கிற க்வில்ட்டும் இதுக்கு மேட்ச் ஆகணும், ப்ளீஸ்."

க்வில்ட் என்ற சொல் எனக்கு அறுபது வயதை நெருங்கும்போதுதான் வந்து சேர்ந்தது. சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்தப் பொருள் இருந்தது; பெயர்தான் இல்லை. 'தச்சது' என்போம். "மழை வருது, மாடியில காயிற தச்சதை எடுத்தா." அதற்கு மேல் யாரும் அதற்கு மரியாதை செய்ததில்லை.

தைத்தவள் அப்பத்தா. வீட்டில் கிழிந்த துணி எதுவும் நேராகக் கரித்துணி ஆகிவிட முடியாது; அவளுடைய தகரப் பெட்டியில் கொஞ்ச காலம் தவம் கிடக்க வேண்டும். அம்மாவின் கண்டாங்கி, சித்தியின் சுங்குடி, சித்தப்பாவின் காக்கி, முட்டியில் கிழிந்த என் சீட்டிப் பாவாடை, எல்லாம் அதற்குள் கிடக்கும். இன்று சுங்குடிக்கும் கண்டாங்கிக்கும் புவிசார் குறியீடு உண்டு. சுங்குடிக்கு 2005-இல் கிடைத்தது, கண்டாங்கிக்கு 2019-இல். அப்பத்தா அவற்றை நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தது எழுபதுகளில்.

அவள் நிறம் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிக்குள் கையை விடுவாள். கைக்கு என்ன வருகிறதோ அதுதான் அடுத்த துண்டு. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கட்டும் பட்டையும் இப்படித்தான் எடுப்பார்கள். பெட்டிக்குள் பட்டர் கையை விட, எந்த நிறம் வருகிறதோ அதைத்தான் சாமி உடுத்தும். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்றும், சிவப்பு வந்தால் சரியில்லை என்றும் பேச்சு. "சாமிக்கே அப்படித்தான், நமக்கு என்ன?" என்பாள் அப்பத்தா. பத்து வயதில் எனக்கு அது பெரிய பக்தியாகத் தெரிந்தது.

அதில் பக்தியை விட ராஜதந்திரம்தான் அதிகம் என்று பிற்பாடு புரிந்தது. வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். தச்சதின் நட்டநடுவில் யாருடைய சேலை வருகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு வருஷம் அம்மாவின் மாம்பழ மஞ்சள் நடுவில் வந்து உட்கார, சித்தி மூன்று நாள் அப்பத்தாவுக்குக் காப்பியை ஆற்றாமல் கொடுத்தாள். அதிலிருந்துதான் இந்தக் கண்ணை மூடிக் கையை விடும் ஏற்பாடு. ஆனால் கண்டாங்கி முரடு. சுங்குடியைத் தடவினால் முடிச்சுப் போட்ட இடங்கள் விரலில் நெருடும். காக்கி சணல் மாதிரி. பெட்டிக்குள் அவள் கை எதைத் தேடி எவ்வளவு நேரம் துழாவியது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். "விதி என்ன பண்றது, இதுதான் வந்துச்சு" என்று எடுத்து வைப்பாள். எடுத்தது ஒரு தடவைகூட முந்தின துண்டோடு சண்டை போட்டதில்லை. மருமகள்களும் போடவில்லை.

ஒரு துண்டு விட்டு ஒரு துண்டு வெள்ளை. அது மட்டும் பெட்டியிலிருந்து வராது, அவள் இடுப்பிலிருந்து வரும். தாத்தா போன பிறகு அவளுக்கு ஊர் விட்டுவைத்தது அந்த ஒரு நிறம்தான். கிழிவதும் அதுதான் அதிகம். அரக்கையும் கிளிப்பச்சையையும் நாள் முழுக்க மடியில் வைத்துத் தைப்பாள். பொழுது சாய்ந்தால் உதறிவிட்டு வெள்ளையோடு எழுந்து போவாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தைப்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் நம்பவில்லை. எட்டு வாரத்துக்கு ஒரு வகுப்பில் பணம் கட்டிவிட்டாள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். "ஆன்ட்டி, நிறத்தை மறந்துடுங்க" என்றாள் முதல் நாளே. நிறம் தேர்ந்தெடுக்கும் வகுப்பில் இது நல்ல ஆரம்பம்தான். சிவப்பா நீலமா என்பது இரண்டாம் பட்சம், எது அடர்த்தி, எது வெளிர் என்பதுதான் முக்கியமாம். துணிகளைப் பரப்பி வைத்துக் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துப் பார்க்கச் சொன்னாள். எடுத்தேன். நான் பெருமையாக அடுக்கி வைத்திருந்த சிவப்பும் பச்சையும் போட்டோவில் ஒரே சாம்பலாகப் படுத்துக் கிடந்தன. போட்டோ எடுக்கச் சோம்பலாக இருந்தால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாலே போதும் என்றாள். அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவள் இந்தப் பாடத்தை வருஷக்கணக்கில், கட்டணம் இல்லாமல் படித்திருக்கிறாள்.

அடுத்த வாரம் பன்னிரண்டு பாகம் போட்ட நிறச் சக்கரம். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்; அடுத்தடுத்து இருப்பவை சமாதானமாகப் போகும். எங்கள் வீட்டு மருமகள்களுக்கு இந்தச் சக்கரம் பொருந்தாது என்று தோன்றியது, சொல்லவில்லை. ஆனால் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயனக்காரரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பாரிஸில் கோப்லான் என்ற அரசாங்கத் திரைச்சீலைப் பட்டறையில் 1824 முதல் சாயப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. கறுப்பு நூல் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளுத்துத் தெரிகிறது என்று புகார். சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்தான் குற்றவாளி. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும் என்று 1839-இல் தடிப் புத்தகமே போட்டுவிட்டார். இருபது சேலை பிரித்துப் போடச் சொல்லி, கடைசியில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு "வாசல் வெளிச்சத்துல பாக்கணும்" என்று கடைக்கு வெளியே நடக்கும் நம் பெண்களுக்கும் இதில் பாதி தெரியும். புத்தகம்தான் போடவில்லை.

ஒருநாள் படம் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள். வெளிறிய நீலத்தில் முழங்கால் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக, ஒட்டுத்துணி எடுத்த தடத்தோடு. கோணல் மாணலாக, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்களாம். 2006-இல் தபால் தலையாகவும் வந்ததாம். வகுப்பே 'வாவ்' என்றது. அப்பத்தாவின் கடைசித் தச்சது எங்கே போனது என்று யோசித்துப் பார்த்தேன். பம்புசெட் மோட்டார் நனையாமல் இருக்க மேலே போட்டிருந்தோம். அப்புறம் நாய் ஈன்றபோது அதற்கு விரித்தோம். அதன் பிறகு யாரும் தேடவில்லை.

வகுப்பு முடிந்து துணி வாங்கப் போனேன். இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று எனக்கே வெட்கம். துண்டாக்குவதற்கென்றே புதுத் துணி வாங்கினேன், மீட்டர் கணக்கில். கணினியில் பார்த்துத் தருவித்த 'சேஜ்' வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாசி பிடித்த தொட்டியின் நிறத்தில் இருந்தது, திருப்பி அனுப்பினேன். வெள்ளையில் மட்டும் ஆறு வகை வாங்கியிருக்கிறேன்: ஐவரி, க்ரீம், எக்‌ஷெல், பேர்ல், மில்க், இன்னொன்றின் பெயர் மறந்துவிட்டது. 'கண்ணு ஓய்வெடுக்க இடம் வேணும் ஆன்ட்டி, அதுக்குத்தான் வெள்ளை' என்று சொல்லியிருந்தாள் அந்தப் பெண். அப்பத்தாவின் வெள்ளையில் யாருடைய கண் ஓய்வெடுத்தது என்று கேட்க நினைத்து, பில்லைப் போடச் சொன்னேன்.

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது என்று வேறு வீட்டில் பழக்கம். பழைய நூல் சேலையில்தான் முதலில் கிடத்துவோம். அதற்காக அந்தப் புதுத் துணிகளை எல்லாம் மூன்று தடவை ஊறவைத்து அலசிப் பழசாக்கினேன். பீரோவில் நிஜமாகவே பழைய சேலைகள் இருபது இருந்தன. அவை மேட்ச் ஆகாது.

தைத்து முடித்து விரித்தேன். எல்லாம் விதிப்படி இருந்தது. அடர்த்தி, வெளிர், ஓய்வெடுக்க இடம். ஆனால் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. அன்று ராத்திரி பீரோவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டேன். முரடாக ஒன்று தட்டுப்பட்டது. போன வருஷம் வாங்கிய அரக்குக் கண்டாங்கி, மூன்று தடவைதான் கட்டியிருப்பேன். விதி என்ன பண்ணும்? ஒரு முழம் கிழித்து, கீழ் ஓரத்தில் நாலு துண்டு வைத்துத் தைத்தேன். "சாயம் கெட்டி" என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

மறுநாள் போர்வையை ஒரு அலசு அலசினேன். அரக்கு நிதானமாக இறங்கி, ஓட்ஸ், மஷ்ரூம், ஐவரி என்று ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டுப் போனது. 1958-இல் மதராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போனபோதும் இதே கதைதான். துவைத்ததும் சாயம் போய், வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அசரவில்லை, சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக எழுதி விற்றுவிட்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கொடியில் போட்டுவிட்டு, மகளிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ அழைப்பு வந்துவிட்டது.

அவள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"அம்மா... கீழேயிருந்து மேல மங்கிக்கிட்டே போகுதே, அது டஸ்டி ரோஸ்தானே? எப்படிம்மா பிடிச்ச இந்த ஷேடை? ஜன்னல் திரைக்கும் இதே ஷேடு வேணும். எந்தக் கடையில கிடைக்கும்?"

கடைதான், கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண்டாங்கியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வாளியில் தண்ணீர் பிடித்து, ஐவரித் துணி நாலு மீட்டரையும் அதையும் ஒன்றாகப் போட்டு ஊறவைத்தேன்.