நாகையிலிருந்து புறப்பட்ட பள்ளிக்கூடம்

கேள்வி: திருச்சி ஜோசப் பள்ளியில் தாம் பெற்ற டி.சி.யை எங்கள் தாத்தா இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பள்ளி முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது என்கிறாரே, மெய்யா?
– ஒரு வாசகர், ஜூரோங்

பதில்: மெய்தான். 1773-இல் போப்பாண்டவராலேயே கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் ஜீவன் பெற்ற சேசு சபையின் பிரெஞ்சுக் குருமார் 1844-இல் நாகையில் ஸ்தாபித்த அந்தக் கலாசாலை, ஏறத்தாழ நாற்பது வருஷம் உப்புக் காற்றை சுவாசித்த பிறகு, 1883-இல் மலைக்கோட்டையின் நிழலுக்கு ஜாகை மாற்றிக்கொண்டது. பிழைப்புத் தேடிய நம் முன்னோர் அதே நாகைத் துறைமுகத்தில் கிழக்கு நோக்கிக் கப்பலேற, பள்ளிக்கூடமோ மேற்கு நோக்கி மூட்டை கட்டியது!

அது உங்கள் ஊருக்கு வந்திருக்கலாகாதா என்று தாத்தா அங்கலாய்த்தால், சிங்கப்பூரில் லசால் சகோதரர்கள் 1852-இலேயே பள்ளி திறந்துவிட்டார்கள், பிற்பாடு அதுவும் சூசையப்பர் பெயரைச் சூடிக்கொண்டது என்று சமாதானம் சொல்லுங்கள். பெயர் ஒன்று, சபைதான் வேறு. சேசு சபையின் ஆதி புருஷர்களில் ஒருவரான சவேரியார், 1552-இல் சீனதேச யாத்திரையின் நடுவே சிங்கப்பூர் ஜலசந்தியிலிருந்து கடிதங்கள் எழுதியவர்தாம். ஆனால் அவ்வருஷ முடிவுக்குள் காலமாகிவிட்ட அந்த மகானுக்குப் பள்ளிக்கூடம் கட்ட நேரம் ஏது?

தகரப் பெட்டியில் கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.